பென்சில் உருளும் திசை

முதலில் அது செலரி வயல்.
கறுத்த சேறு.
குதிரைக் குளம்புகளுக்குப் பலகைச் செருப்பு கட்டி
உழுதவர் ஹார்ம் டைக்ஸ்ட்ரா.
ஐம்பத்தாறில் கல்வி வாரியத்துக்கு விற்றபோது
ஒன்றே ஒன்று சொன்னாராம்:
"கனமாக எதையும் வைக்காதீர்கள்."

வைத்தார்கள்.
செங்கல், எஃகு, எண்ணூறு பிள்ளைகள்.

மிச்சிகனின் அந்தப் புறநகரில் அப்போது
வீட்டுக்கு இரண்டு தொட்டில்.
ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்பு:
குழந்தையுமில்லை ஆளுமில்லை என்றிருக்கும்
மூன்று வருடங்களுக்கென்றே ஒரு கட்டடம்,
ஆல்டர்ப்ரூக் ஜூனியர் ஹைஸ்கூல்.
திறப்பு விழாவுக்கு பாண்டு வாத்தியம் வந்தது,
சீருடை வந்து சேரவில்லை.
காயாத சிமெண்டு வாசனையில்
தலைமையாசிரியர் ப்ரில் என்ன பேசினார் என்பது
ஒலிபெருக்கியின் விசிலோடு போயிற்று.

மூன்றாம் வருடமே
பதினான்காம் அறையில் பென்சில்கள் உருளத் தொடங்கின.
மேசையில் வைத்தாலும் தரையில் விட்டாலும்
ஜன்னல் பக்கமாகவே.
பொறியாளர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து
"அரை அங்குலம்தானே" என்றார்.
மிஸ் ஓல்காட் அதையே வீட்டுக்கணக்காகக் கொடுத்தார்:
மூன்றாண்டுக்கு அரை அங்குலமென்றால்
பதினைந்தடிப் பள்ளி முழுதும் புதைய எவ்வளவு காலம்?
ஆயிரத்து எண்பது ஆண்டுகள்.
விடை தெரிந்ததும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அணுகுண்டுக்கு அஞ்சி
நிலவறையில் பிஸ்கட் டின்கள் அடுக்கினார்கள்.
ரஷ்யா வரவில்லை.
ஊற்றுத் தண்ணீர் வந்தது,
டின்கள் ஒவ்வொரு ஏப்ரலும் வாத்துகள்போல மிதந்தன.

அறுபத்தொன்பதின் ஆண்டுமலரில்
ரெனீ டாலிவர் நான்கு படங்களில் இருக்கிறாள்.
நான்கிலும் ஓரம்.
ஒன்றில் முழங்கை மட்டும்.
அந்த நிறத்தில் அந்த வருடம்
வேறு முழங்கை இல்லை என்பதால்
அவள்தான் என்று தெரிகிறது.

எழுபத்தாறில் நான்.
நானூற்றுப் பதினேழாம் லாக்கர்:
வலம் முப்பத்தொன்று, இடம் எட்டு, வலம் பதினேழு.
கணவரின் பிறந்தநாள் மறந்துபோகும்,
இது போவதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் லெஸ்டர் பூன்ஸ்ட்ரா
அந்த ஜன்னலோரம் பெருக்கி
ஒரு காபி டின் நிறையப் பென்சில் அள்ளுவார்.
தேர்வன்று கையில் ஒன்றுமில்லாதவர்கள்
துடைப்ப அறைக் கதவைத் தட்டினால் போதும்.
கேள்வி கிடையாது.
பல்தடம் இருக்கும், யார் பல்லோ.
அதைக் கடித்துக்கொண்டே
பின்னங்களில் தேறினேன்.

எண்பத்தெட்டில் ஒன்பதாம் வகுப்பைக் கொண்டுபோய்விட்டு
ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள்.
'மிடில் ஸ்கூல்' என்று பெயர் மாறியது.
பித்தளை எழுத்துகளைக் கழற்றிய இடத்தில்
செங்கல் வெளுப்பாக இருந்தது;
மழை பெய்தால் பழைய பெயரை வாசிக்கலாம்.

பாவ் வாங் வென்ற சதுரங்கக் கோப்பை
கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.
யாரோ அடியில் ஒரு காசு செருகியிருந்தார்கள்.

வீடுகள் அப்படியே இருந்தன.
தொட்டில்கள் இல்லை.
எண்ணூறு ஐந்நூறாகி,
இருநூற்றுப் பதினொன்றானது.

சென்ற பிப்ரவரியில் வாரியக் கூட்டம்.
பழுது பார்க்க ஒரு கோடியே பத்து லட்சம் டாலர்.
மூன்றுக்கு மூன்று.
பிறகு என் கை.
பின்வரிசையிலிருந்து ஒருவர்
கல்யாணத்துக்கு முன்னிருந்த என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.
திரும்பிப் பார்த்தேன்,
அடையாளம் தெரியவில்லை.

இடிப்பதற்கு முந்திய சனிக்கிழமை
உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள்.
பதினான்காம் அறை காலி.
நாற்காலிக் கால்களின் வட்டத் தழும்புகள்.
கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தரையில் வைத்தேன்.
அசையவில்லை.

"மறுபக்கமும் அதே அளவு இறங்கியிருக்கும்,
இப்போது சமமாகிவிட்டது" என்றார் ஒப்பந்தக்காரர்,
ஹெல்மெட்டைச் சரிசெய்தபடி.

அவர் வெளியே போகும்வரை காத்திருந்து
காலணி நுனியால் தள்ளிவிட்டேன்,
ஜன்னல் பக்கமாக.