சப்டைட்டிலில் இல்லாத சொல்

ஸ்ப்ளிட் நகர மருத்துவமனை, மூன்றாம் மாடி.
திங்கள், புதன், வெள்ளி
எங்கள் நால்வரின் ரத்தமும்
வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.
நான்கு மணி நேரம்.
அதற்குள் ஒரு கப்பல் மூழ்கலாம்.
மூழ்கியது,
சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில்.

நார்வேக்காரர்கள் எடுத்த தொடர்.
கேப்டன் ஹால்வர்
இயந்திர அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறான்.
உள்ளே தண்ணீர்.
உள்ளே எண்ணெய் துடைக்கும் பையன்,
பத்தொன்பது வயது.
மேல்தளத்தில் பதினொரு பேர்.

"கொலைகாரன்" என்றாள் சோர்க்கா.
ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது,
அதனால் மற்றக் கையை இரண்டு மடங்கு வீசினாள்.
முப்பது வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர்.
"பதினொன்று பெரிதா, ஒன்று பெரிதா என்று
என்னிடமே கேட்காதீர்கள்.
அவன் கதவைத் தட்டினான்.
தட்டுகிறவன் எண் இல்லை."

ஜன்னலுக்கு வெளியே யூகோ,
தெற்கிலிருந்து வரும் ஈரக் காற்று.
அது வீசும் நாளில் இந்த ஊரில்
எல்லாருக்கும் வாய் நீளும்.

"திறந்திருந்தால் பன்னிரண்டு பிணம்" என்றார் டோன்ச்சி.
பெரிய கப்பல்களை இழுக்கும் சின்னப் படகில்
பாதி ஆயுளைக் கழித்தவர்.
சர்க்கரை முதலில் அவர் கண்ணைத் தின்றது,
பிறகுதான் சிறுநீரகத்துக்கு வந்தது.
"அவன் என்ன, சும்மாவா பூட்டினான்?
'மன்னித்துக்கொள் மகனே' என்று சொல்லிவிட்டுத்தானே பூட்டினான்.
அப்படிக் கேட்கத் தெரிந்தவன் கையில்
சாவி இருக்கட்டும்."

நானும் சோர்க்காவும்
விங்காவைப் பார்த்தோம்.

வசனமெல்லாம் நார்வே மொழி.
கீழே ஓடும் எழுத்தை
டோன்ச்சிக்கு வாசித்துச் சொல்வது விங்கா.
தபால் நிலையக் கவுண்டரில் இருந்தவள்.
அந்தக் கதவருகே கேப்டன் சொன்னது
பக்கத்தில் நின்றவனிடம்,
இவ்வளவுதான்:
"நேரம் என்ன? பதிவேட்டில் எழுது."

சோர்க்கா வாயைத் திறந்தாள்.
கணக்கில் ஒரு தப்பை விட்டுவைத்ததே இல்லை அவள்.
விங்கா தன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
சிவப்பாக, மெதுவாக.

"சரி, மன்னிப்புக் கேட்டான்" என்றாள் சோர்க்கா.
"கேட்டால் ஆயிற்றா?"

அப்புறம் இரண்டு வாரம்
இல்லாத ஒரு கேப்டனோடு மல்லுக்கு நின்றோம்.
அவன் நல்லவனாகிக்கொண்டே போனான்.
விங்கா அவனுக்குத் தூக்கம் வராத இரவுகள் கொடுத்தாள்,
பையனின் தாய்க்கு ஒரு கடிதம் எழுத வைத்தாள்.
திரையில் அவன் மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.
நான் ஒரு நாள் அவன் பக்கம், ஒரு நாள் இவள் பக்கம்.
எந்த ஹால்வரைப் பற்றிப் பேசுகிறேன் என்று
எனக்கே பாதி நேரம் தெரியவில்லை.

விசாரணைக் காட்சி வெள்ளிக்கிழமை வந்தது.
நீதிபதி கேட்டாள்:
"பூட்டும் முன் அவனிடம் ஏதாவது சொன்னீர்களா?"
அவன் சொன்னான்: "நேய்."

எங்கள் மொழியில் 'நே'.
குழந்தைக்கும் தெரியும்.

பம்புகள் சுற்றும் சத்தம்.
விங்காவின் உதடு ஒரு முறை பிரிந்து மூடியது.
"சொன்னேன் என்கிறான்" என்றாள் கடைசியில்.

டோன்ச்சி தலையைக்
குரல் வந்த பக்கம் திருப்பினார்.
"இருபது வருஷம்
நார்வேக் கப்பல்களுக்கும் கயிறு போட்டிருக்கிறேன், விங்கா."

யாரும் எதுவும் பேசவில்லை.

"வாசி" என்றார்.
"அடுத்த வரி என்ன?"

அவள் வாசித்தாள்.
என்ன வாசித்தாள் என்று நான் கவனிக்கவில்லை.
திரையையும் பார்க்கவில்லை.
அந்த மனிதரின் முகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடலில் தூரத்து விளக்கைத் தேடுகிறவன்போல்
நெற்றி சுருங்கியிருந்ததை.

நர்ஸ் நேடா வந்தாள்.
முதலில் டோன்ச்சியின் ஊசியை உருவினாள்,
பஞ்சை வைத்து அழுத்தினாள்,
வாயில் பேனா மூடியைக் கடித்தபடி
அட்டையைப் புரட்டினாள்.
"நேரம் என்ன?" என்றாள், எழுதுவதற்கு.

சுவரில் கடிகாரம் இருந்தது.
கண் தெரிந்த மூன்று பேரும் இருந்தோம்.

டோன்ச்சி கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து
முட்களை விரலால் தடவினார்.
"பதினொன்று நாற்பது.
எழுதிக்கொள், மகளே."