பதினான்கு கிலோ இருநூறு

ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
கரும்பு லாரி ஏறும், எண் ஒளிரும், எழுதிக்கொள்வேன்.
கொட்டிவிட்டு வரும், மறுபடி எழுதிக்கொள்வேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கரும்பு.
ஜனவரியில் ஆலை உறங்கும்.
எடை போட ஒன்றுமில்லை.

அதனால்தானோ என்னவோ,
புயல் போன மூன்றாம் நாள்
குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு
தேன்பெட்டிக்குப் போனேன்.
ரோஸ்-மே சன்னலிலிருந்து கேட்டாள்:
"இளைத்தது அதுவா, நீயா?"

புயலுக்கு ஏதோ பெண்பெயர் வைத்திருந்தார்கள்.
நான் அதைச் சொல்வதாயில்லை.
கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல
லிச்சி மரத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தது.
சேன்ட் சுசான் முழுக்க ஒரு பச்சை இலை இல்லை.
அதன்பின் மழை, ஒன்பது நாள்.
மழையில் தேனீ பறக்காது.
பறந்தாலும்
போய் உட்கார ஒரு பூ வேண்டுமே.

டிசம்பரில் இருபத்தாறு கிலோ.
இப்போது பதினான்கு இருநூறு.

மூடியைத் திறந்தேன்.
இந்தத் தீவின் தேனீ கறுப்பு, சிறியது,
வெளிச்சம் பட்டால் சிதறி ஓடும்.
அன்று எதுவும் ஓடவில்லை.
அறைக்குள் தலையை விட்டு
வால் மட்டும் வெளியே தெரிய,
கடைசித் துளியை நக்கப் போனவை
போன நிலையிலேயே நின்றிருந்தன.

"சர்க்கரை கொடு" என்றான் ஜோஸியான் மார்தே தொலைபேசியில்.
"வெள்ளை. பழுப்பு கொடுத்தால் வயிற்றால் போகும்."

வீட்டில் இருப்பது நாற்பது கிலோ பழுப்பு.
ஆலை கொடுத்தது.
வெள்ளை, பாலம் உடைந்ததில்
அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.
சீனர் கடையில் மெழுகுவத்தியும் மத்தி டப்பாவும்தான்.
சர்க்கரைத் தீவில் சர்க்கரைக்கு அலைந்தேன்.

மதாம் பேயே, வேலிக்கு அந்தப் பக்கம்.
போன ஆண்டு என் பெட்டியைப் பற்றி
நகரசபைக்கு இரண்டு பக்கம் எழுதியவள்:
துணி உலர்த்த முடியவில்லை,
பேரனுக்கு உதடு வீங்கிவிட்டது.
எல்லாம் உண்மை.
இப்போது வேலி விழுந்து கிடந்தது.
ஐந்து கிலோ பழுப்போடு
அதை மிதித்துக்கொண்டே போனேன்.

கேட்டுவிட்டு உள்ளே போனாள்.
வெகுநேரம் வரவில்லை.
ஜாமுக்கு வைத்திருந்த மூன்று பொட்டலம்.
"கொய்யா எங்கே இருக்கிறது இந்த வருஷம், ஜாம் போட?"
பழுப்பை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்,
அவளும் ஒரு தராசு.
"கொட்டினால் மறுபடி எழுதுவேன்."

மின்சாரம் இல்லை. எரிவாயு அடுப்பில்
வெதுவெதுப்பாகக் கரைத்து
ரோஸ்-மேயின் இஸ்திரித் தெளிப்பானில் ஊற்றி
சட்டங்களின்மேல் பனிபோலத் தூவினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒன்றின் முதுகை இன்னொன்று நக்கியது.
தலை புதைத்திருந்த ஒன்று
எடைமேடையிலிருந்து லாரி பின்வாங்குவதுபோல
மெல்ல, நின்று, வழி பார்த்து,
வெளியே வந்தது.
எல்லாம் வரவில்லை.
வராதவற்றை இடுக்கியால் எடுத்தேன்.
எண்ணவில்லை.

வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கினேன்,
வாசம் பிடித்து வேற்றுக் கூட்டம் கொள்ளைக்கு வரும்.
இருட்டியபின் தட்டில் பாகு, மூழ்காமலிருக்க மேலே குச்சிகள்.
ராணியைத் தேடவில்லை.
இல்லையென்றால்
அதை இன்று தெரிந்துகொள்ள வேண்டாம்.

தினமும் மாலை எடை.
நான் ஊற்றியதைக் கழித்துத்தான் எழுத வேண்டும்,
இல்லையென்றால் என்னை நானே ஏமாற்றும் கணக்கு.
செவ்வாய், பதினான்கு.
புதன், பதினான்கு.
வியாழன், பதினான்கு.
அதற்குக் கீழே போகவில்லை என்று ரோஸ்-மேயிடம் சொன்னேன்.
"சரி" என்றாள், காப்பியில் பழுப்பைக் கலக்கிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் வெயில்.
மதாம் பேயே கொடியில் தலையணை உறைகளைப் போட்டாள்.
ஒன்றின் ஓரத்தில் என் தேனீ,
பின்காலில் கடுகளவு மஞ்சள்.
எந்தப் பள்ளத்தாக்கில்
எது பூத்ததோ.
அவள் உறையை உதறாமல் உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை, கழித்ததுபோக,
பதினான்கு கிலோ இருநூறு.
நனைந்த பலகையின் கனமாகவும் இருக்கலாம்.
எழுதிக்கொண்டேன்.