பதினோராம் பங்கு

ஹேவ்லாக்கில் எட்டுக் கல்யாணம், மாலத்தீவில் மூன்று.
அங்கெல்லாம் என் வேலை
வெயிலோடு மல்லுக்கட்டுவது,
லென்சில் படிந்த உப்பைத் துடைத்துத் துடைத்து
விரல்நுனி வழவழத்துப்போவது,
மணப்பெண்ணின் முந்தானையைக்
காற்றிடம் கெஞ்சித் திரும்ப வாங்குவது.
மற்றபடி தொந்தரவு இல்லை.
கடலுக்குப் பங்காளி கிடையாது.

இது கானாடுகாத்தான்.
பெண் நிலானி, கோலாலம்பூர். பையன் எரிக், டென்மார்க்கில் எங்கேயோ.
தீவு வேண்டாம், எல்லாரும் தீவுக்குத்தான் போகிறார்கள் என்றார்களாம்.
மூன்று நாள் வாடகை பேசிய வீட்டுக்குப்
பதினான்கு பங்கு.
பதின்மூன்று கையெழுத்து.

வளவைச் சுற்றி எல்லாக் கதவும் திறந்து கிடக்க
வடக்கே பதினோராம் பங்கில் மட்டும்
புத்தம்புதுப் பித்தளைப் பூட்டு.
எந்தத் தூணோரம் நின்று பார்த்தாலும்
படத்துக்குள் வந்து
சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.
ஷெரின், ஏற்பாடெல்லாம் அவள்தான்,
அதன்மேல் ஆயிரம் ரோஜாவைத் தொங்கவிட்டாள்.
ரோஜாவுக்கு நடுவிலும் மினுங்கிற்று.

சுவர்ப்பூச்சோ கண்ணாடி.
சீரியல் விளக்கின் ஒவ்வொரு குண்டும் அதில் இரண்டாகி
ஊதா, பச்சை, மறுபடி ஊதா.
நிலானியின் இடது கன்னம் மீன்தொட்டி போலிருந்தது.
"அக்கா, இதுக்குக் கடலே தேவலாம்" என்றான் சபீர்.

மாலை மாற்றும் நேரம்.
வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓர் அம்மாள்
அத்தனை பட்டுச் சேலைக்கும் ஊடே
பந்தியில் இடம் தேடுபவர் போல நடந்து,
ரோஜாவை விலக்கி, சாவியைப் போட்டு,
உள்ளே போனார்.

டக்.

விளக்கு, விசிறி, ஒலிபெருக்கி, ஐஸ்க்ரீம் பெட்டி
எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின.
இருநூறு முகங்கள் சேர்ந்தாற்போல் மேலே நிமிர்ந்தன.
வானம் மட்டும் போகவில்லை.
வளவின் நடுவே இறங்கி, சுவரில் பட்டு,
யாருக்கும் ஒப்பனை செய்யாமல் நின்றது.
எரிக்கின் வாய் திறந்தபடி.
மாலை பாதிக் கழுத்தில்.
நிலானி சிரிக்க மறந்துபோய்
அவ்வளவு அழகாயிருந்தாள்.
அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"என் மீட்டர்ல யாரைக் கேட்டு ஒயர் போட்டீங்க?"

பெயர் சிகப்பி. தேவகோட்டையில் வங்கிக் காசாளர்.
லீவு இல்லை, ஒரு மணி நேரப் பெர்மிஷன்.
ஷெரின் நீட்டிய இரண்டு ஐந்நூறையும்
வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு
மிச்சம் முந்நூறைத் திருப்பிக் கொடுத்தார்.
விளக்கு வந்தது. ஊதா, பச்சை.

போகிறபோது என் பக்கம் திரும்பினார்.
திட்டப்போகிறார் என்று கேமராவைப் பின்னுக்கு இழுத்தேன்.
"நான் தொறக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கா? பூட்டோட?"
இருக்காமல்? இரண்டு நாளாய் அதை ஒழிக்கத்தானே பாடுபடுகிறோம்.
"தேதி, மணி எல்லாம் விழுமா?
புதன்கிழமை வாய்தா."

ஒன்பது வருஷமாய்க் கல்யாணம் எடுக்கிறேன்.
தேதி கேட்டவர் இவர் ஒருவர்தான்.

இரவு, ஆல்பத்துக்காகப் பூட்டை அழித்தேன்.
மரத்தின்மேல் மரத்தை ஒட்டினேன். கைக்கு வந்த வேலை.
அழிக்காததை சிகப்பிக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது.
வெகுநேரம் கழித்து ஒரு வரி:

அந்தப் பொண்ணு படம் ஒண்ணு அனுப்பேன்.
கரண்டு போனப்ப எடுத்தியே, அது.