பதினோராம் நாள் காலை

ஊரே ஆற்றில் நிற்கிறது.
சோணைமுத்து செத்துப் பதினோரு நாள்.
பங்காளித் தீட்டு.
எனக்கு இந்த வருஷம் அழகர் இல்லை.

எல்லீஸ் நகர்ப் பூங்காவில்
வாட்ச்மேனும் அவர் ரேடியோவும் நானும்.
மூன்றாவது சுற்றில்
நெல்லிமரத்தடியில் செருப்பு வார் அறுந்தது.
குனிந்து நிமிர்ந்தால்
முகத்துக்கு நேரே ஒரு மிலாறு,
இலைக்கு அடியில் ஏதோ பொரிப்பொரியாய்.
பூச்சிமுட்டை என்றுதான் நினைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றினால்தான்
கிட்டத்தில் உள்ளது எனக்குத் தெரியும்.
கழற்றினேன்.

பூ.
கடுகைவிடச் சற்றுப் பெரிது.
பச்சையா மஞ்சளா என்று
இன்னும் தீர்மானிக்காத நிறம்.
இதழ் ஆறு.
அடுத்ததில் எண்ணும்போதே
ஒரு எறும்பு வந்து மறைத்துக்கொண்டது.
ஆறு வருஷமாக நடக்கிறேன் இந்தப் பாதையில்,
சர்க்கரை இருநூற்றுப் பத்து வந்த நாளிலிருந்து.

அப்புறம் விட முடியவில்லை.
வேப்பம்பூவின் நடுவே
ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது, தெரியுமா?
உசிலைக்குப் போனேன். அண்ணாந்து கழுத்து வலித்தது.
வடக்கு மூலைப் புங்கமரத்துக்கு மட்டும்
போக நேரமெடுத்தது.

வாசலில் கொட்டும் புங்கம்பூவை
யார் கூட்டுவது என்று
அவன் சம்சாரமும் என் சம்சாரமும் ஆரம்பித்தது.
சர்வேயர் வந்து சங்கிலி போட்டு
முக்கால் சென்ட் யாருக்கு என்று நீண்டு
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மரத்தை வெட்டினான்.
நான் மாடியில் நின்று பார்த்தேன்.
சத்தம் போடவில்லை.
விட்டது தொல்லை என்றுகூட.
அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம்.

குவியலாய்ப் பார்த்திருக்கிறேன், முறத்தில், குப்பையாய்.
ஒன்றே ஒன்றை எடுத்துக்
கண்ணருகே பிடித்தது இன்றுதான்.
வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் இரண்டு வீட்டிலும்.
ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறம் கசிந்திருக்கிறது.
உள்ளே, அடியில், ஒரு பச்சைக் கறை.

"பச்சைப் பட்டாம் சார்!"
அங்கிருந்தே கத்தினார் வாட்ச்மேன்.
"இந்த வருஷம் செழிப்புதான்!"
தலையாட்டினேன்.

திருவிழா நாளிலும் லீவு கிடைக்காத பேச்சியம்மா
விளக்குமாற்றோடு வந்தார்.
"கால எடுங்க சார்."
எடுத்தேன்.
கூட்டினார்.
கூட்டிய இடத்தில், அவர் திரும்புமுன்பே,
மூன்று விழுந்தன.
அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.
வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி
நான் இன்னும்
தூக்கிய காலை இறக்கவில்லை.