அச்சான துரு

பதினெட்டு வருடம் கல்முனைக் கிளையில்
ஐயாயிரம் ரூபாத் தாளை வெளிச்சத்தில் பிடித்த கை
ஞாயிறுகளில் புத்தகம் பிடிக்கிறது.

சாய்ந்தமருதிலிருந்து றாலியா உம்மா
அரிசிச் சாக்கில் கட்டி வந்தா,
ஆட்டோக்காரனை நிற்கச் சொல்லிவிட்டு.
தையல் புத்தகம், ஏழாம் வகுப்புக் கணக்கு,
அடியில்
ஒரே சிறுகதைத் தொகுதி, இரண்டு.

இரண்டும் மெல்லிய அட்டை.
இரண்டிலும் ‘முதற் பதிப்பு, ஆவணி 1974’.
இரண்டிலும் விலை மூன்று ரூபா எழுபத்தைந்து.
அந்தப் பக்கம் சொல்வதை நான் நம்புவதில்லை,
காசுத்தாளில் கையெழுத்தை நம்பாததுபோல.

முதுகைப் பார்த்தேன்.
ஒன்றில் இரண்டு கம்பி, துருப்பிடித்து
தாளைத் தின்றிருந்தது.
மற்றதில் பசை. ஆனால் அதிலும் துரு:
கம்பியே இல்லாத இடத்தில் இரண்டு சாம்பல் கறை,
தடவினால் வழுவழு.
பூச்சி துளைத்த ஓட்டைகூட
கறுப்புப் புள்ளியாய் விழுந்திருந்தது.
ஈய எழுத்தென்றால் தாளின் பின்பக்கம் விரலில் முட்டும்.
இது முட்டவில்லை. படம்பிடித்து அடித்தது.

“சூறாவளிக்குப் பொறகு வேற கொப்பி இல்லெண்டு
தொண்ணூற்றெட்டில என்னட்டத்தான் வாங்கிப் போனாங்க”
என்றா.

நாற்பத்து மூன்றாம் பக்கம்.
வாத்தியார் மாற்றலாகிப் போகிற பஸ்ஸைப் பார்த்து
ஒருத்தி அழுகிறாள், ஒன்றரைப் பக்கத்துக்கு.
படப்பிரதியின் ஓரத்தில், மங்கலாய், கையெழுத்து அச்சாகி:
‘பொய். நான் அழல்ல.’

கம்பி போட்டதில் அந்த ஓரம் வெறுமை.
சாய்த்துப் பிடித்தேன்.
பென்சில் போன பள்ளம் கிடந்தது,
ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் பஞ்சாய் எழும்பி.

அவ ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தா.
“எழுதினது நான்தான் தம்பி.
அச்சில கண்டுட்டு அழிச்சதும் நான்தான்.
எது முதல்?”

“கம்பி போட்டது. பன்னிரண்டாயிரம் தரலாம்.”
“மத்தது?”
“அதுக்கு விலை இல்லை.”

காசை எண்ணினா,
ஒவ்வொரு தாளாய் வெளிச்சத்தில் பிடித்து.
பிறகு விலையில்லாததை எடுத்துக் கைப்பையில் வைத்தா.
“இதுல அழிக்க ஏலா.”

ஆட்டோ மெயின் றோட்டில் ஏறும்வரை நின்றேன்.
எத்தனை பிரதி அடித்தார்கள் என்று கேட்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
முதற் பதிப்பு. கம்பிக்கட்டு. நிலை நன்று.
ப. 43, வலது ஓரத்தில்