‘சரா’ வரைக்கும்

மண்டபத்தில், ஐஸ் பிளாண்டுக்கு மேலே
எனக்கொரு அறை, ஒரு கருப்புத் திரை.
கீழே பாளம் உடைக்கும் இயந்திரம்.
தொண்டைக்குள் பாளம் போய்விட்டால்
அரைத்து முடிக்காமல் நிற்காது.
பக்கவாட்டில் உள்ள சிவப்புப் பொத்தான்
போன வருடமே துருவில் உறைந்துவிட்டது.

கேட்டால் பதில் எழுதும் ஒன்றை
அந்தத் திரைக்குள் கட்டிக்கொண்டிருந்தேன்.
முதலில் பழகிப் பார்க்க வந்தவள்
பக்கத்து நண்டுக் கம்பெனியில்
கணக்கெழுதும் சமீமா.

காலை ஏழு மணி. வள்ளங்கள் கரையேறும் நேரம்.
அவள் தட்டியது ஒரே வரி:
‘நேத்து எடையில கூடை கழிச்சாச்சா?’
அது தொடங்கியது.
நண்டு பத்துக் கால்கள் உள்ள உயிரினம்,
ஓட்டை உரித்து உரித்து வளர்வது,
எடை காண்பதில் பொதுவாக மூன்று முறைகள் உண்டு,
முதலாவது…
வரிக்கு மேல் வரி ஏறி
திரையின் மேல் விளிம்பில் போய் மறைந்தது.
அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்,
கல்யாணம் பேச வந்தவர்கள் எதிரில் உட்காருவது போல.
வெளியே தராசுக்குக் கூடைகள் வரிசை கட்டின.

‘நிறுத்தியிருக்கலாமே’ என்றேன்.
‘பேசிக்கிட்டு இருக்கறப்ப எப்படி?’
பிறகு, கொஞ்சம் குரல் இறக்கி,
‘முந்தாநாள் நிறுத்திப் பாத்தேன். செத்துப் போச்சு.’

உண்மைதான்.
கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால்
பேச்சோடு பேசுவதும் போய்விடும்.
காலையிலிருந்து அவள் சொல்லிவைத்த
கூடை எண், வள்ளத்தின் பெயர், கழிவு, பாக்கி
எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு.
வாயை மூடு என்றதற்கு
வீட்டையே காலி செய்துகொண்டு போகிறவனைப் போல.

நான்கு இரவுகள்.
கச்சான் காற்று ஜன்னலை அறைந்தது.
ஸ்டேஷனில் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள்,
பாலத்தின் மேல் காற்று தணியட்டும் என்று.
பயணிகள் இறங்கி டீ குடித்தார்கள்.
ரயில் செத்துவிட்டதென்று யாரும் அழவில்லை.

எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்:
முதல் அழுத்தலுக்குப் பேச்சு நிற்கட்டும்,
பேசுவது இருக்கட்டும்.
உடனே இன்னொரு முறை அழுத்தினால்
கடையை அடைக்கட்டும்.

கஷ்டம் அதில் இல்லை.
நடுவில் வெட்டுப்பட்ட வாக்கியத்தை என்ன செய்வது?
அழித்துவிட்டால்
தான் என்ன சொன்னோம் என்று அதற்கே தெரியாது.
சொல்ல இருந்ததையும் சேர்த்து வைத்தால்
கேட்காததைக் கேட்டாய் என்று அவள்மேல் சாட்டும்.
இரண்டு இரவுகள் இதற்கே போயின.
கடைசியில்
அவள் கண்ணில் பட்டது வரைக்கும் வைத்தேன்.
அதற்கு மேல் அது சொல்லவே இல்லை என்று கணக்கு.

வியாழக்கிழமை வந்தாள்.
மருதாணி பாதி அழிந்த விரல்.
அதே கேள்வி. அது தொடங்கியது:
‘பொதுவாக ஒரு கூடையின் எடை சரா’
அழுத்தினாள்.
நின்றது.
கோபமில்லை, கனைப்பில்லை,
சொல்லி முடித்துவிடுகிறேனே என்ற இழுவை இல்லை.
‘சராசரி வேணாம். நேத்துக் கணக்கு.’
நாற்பத்தாறு கூடைகள், கழிக்கப்படவில்லை, என்றது.
அந்த அரைச் சொல் மேலே அப்படியே கிடந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே
‘சாரி’ என்று தட்டப் போனாள்.
ச மட்டும் விழுந்தது. அழித்துவிட்டாள்.

சாயங்காலம், தராசடியில்
தூத்துக்குடி ஏஜெண்ட் கழித்துக்கொண்டே போனார்.
தண்ணிக்கு அரைக் கிலோ,
கால் உடைஞ்சதுக்கு ஒண்ணு,
மெலிஞ்சதுக்கு இன்னொரு…
‘இருங்க’ என்றாள் சமீமா.
அவர் நிற்கவில்லை.
ஐஸ் பிளாண்டில் பாளமும் உடைந்துகொண்டிருந்தது.
‘இருங்க.’
பிறகு நோட்டை மூடி
பேனாவை அதன்மேல் வைத்தாள்.

கூடைக்குள் நண்டுகள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறும் சத்தம்
அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது.