பீரோவில் சாய்த்த பேஸ்

சீட்டு எடுத்த பணத்தில் வாங்கினேன்,
முருகன்குறிச்சியில் கலைந்துபோன ஒரு பேண்டிடம்.
ஆம்ப் இல்லை. வாடகை பாக்கிக்கு
கட்டடக்காரர் எடுத்துக்கொண்டாராம்.

நாலே கம்பி.
வண்ணார்பேட்டைக் கடையில் கிளட்ச் கேபிள்
எண்ணி வைக்கிறவளுக்குத் தடிமன் புதிதில்லை.
மேலே கிடக்கும் தடிக்கம்பிதான் கீழ்ச்சுரம்,
கீழே கிடப்பது மேல் என்பதுதான் புதிது.
மூன்று நாள் குழம்பினேன்.
நாலாம் நாள் குனிந்து பார்ப்பதை விட்டேன்.

ஆள்காட்டி, நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
நடக்கிற மாதிரி என்கிறான் வீடியோவில் ஒரு பையன்.
என் நடுவிரல் கொஞ்சம் நொண்டி.

களைத்து ஒருநாள் அதன் தலையை
இரும்பு பீரோவில் சாய்த்தேன். கை தவறிப் பட்டது.
பீரோ வாய் திறந்தது.
உள்ளே ஹேங்கர்கள் ஒன்றையொன்று தட்டின.
ஏ கம்பிக்குச் சாவிக்கொத்து ஆடியது,
ஈ கம்பிக்குக் கண்ணாடியில் என் முகம்.

கீழ்வீட்டு ஆவுடைத்தங்கம் படியேறி வந்தாள்:
"ஏட்டி, மேல மாவு மில்லா வச்சிருக்க?
எங்க வீட்டு டம்ளரு தானா நடந்து போவுது."

காட்டினேன். ஒரே சுரம், எட்டுத் தடவை.
"பாட்டு எங்கட்டி?"
"அது இனிமேத்தான் வரணும்க்கா."

போகத் திரும்பியவள்
என்ன நினைத்தாளோ,
பீரோவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.
"இடுப்புக்கு இதமா இருக்கு.
இன்னொரு எட்டு அடி."

ஐந்தாவதில் கொப்புளம் உடைந்தது.
எண்ணிக்கையை விடவில்லை.